பசி போச்சு... பலமும் போகலாமா? எடைகுறைப்பு ஊசி போடுபவர்கள் தட்டில் முதலில் எதை வைக்க வேண்டும்?

கடந்த பொங்கலுக்கு உடன்குடிக்குப் போனபோது, வாசலில் நின்ற பெரியம்மாவை ஒரு நொடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் 84 கிலோவிலிருந்து 73 கிலோவுக்கு இறங்கியிருந்தார். "ஏட்டி, எப்படி இருக்கேன்?" என்று திரும்பி நின்று காட்டினார். நன்றாகத்தான் இருந்தார்.

மதியம் முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தவர், எழுந்திருக்கத் தூணைப் பிடித்தார். முடியவில்லை. "கையக் குடு" என்றார். 84 கிலோ இருந்தபோது யார் கையும் கேட்காதவர் அவர்.

பெரியம்மாவுக்கு 58 வயது. பத்து வருடமாக சர்க்கரை. துபாயில் இருக்கும் அண்ணன் சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டி, வாரம் ஒரு முறை போடும் எடைகுறைப்பு ஊசியைத் தொடங்கி வைத்தான். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மூட்டுவலி குறைந்தது. அதெல்லாம் உண்மை. ஆனால், அலமாரியில் ஏழு டப்பாக்கள் இருந்தன. புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின் கம்மி, முடிக்கு பயோட்டின், மீன் எண்ணெய் மாத்திரை, நார்ச்சத்துப் பொடி, இன்னும் இரண்டு எதற்கென்று அவருக்கே தெரியாது. எல்லாம் ரீல்ஸ் பார்த்து அண்ணி அனுப்பியவை. புரோட்டீன் டப்பாவின் சீல்கூடப் பிரிக்கப்படவில்லை.

"அதக் குடிச்சா குமட்டுது. பசிக்கவே மாட்டேங்கு, நான் என்ன செய்ய?"

ஊசி என்ன செய்கிறது?

நாம் சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன், "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. வயிறு காலியாவதையும் மெதுவாக்குகிறது. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசியில் இருக்கும் செமாகுளூட்டைடு, டிர்செபடைடு போன்றவை ஒரு வாரம் தங்கி அதே வேலையைச் செய்கின்றன. இந்தியாவில் டிர்செபடைடு 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாகுளூட்டைடு 'வீகோவி' என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. மவுன்ஜாரோ அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். மாதம் நான்கு குப்பி. 2026 மார்ச்சில் செமாகுளூட்டைடின் காப்புரிமைக் காலம் முடிந்ததால், விலை குறைந்த ஊசிகளுக்கும் வழி திறந்திருக்கிறது. இனி இந்தப் பேச்சு சென்னையோடு நிற்காது.

பலன் பெரியதுதான். 2021-ல் வெளியான 'ஸ்டெப் 1' ஆய்வில் 1,961 பேர் பங்கேற்றார்கள். 68 வாரங்களில் செமாகுளூட்டைடு போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. ஆனால், அவர்களில் சிலரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பு அல்லாத திசு. டிர்செபடைடு ஆய்வில் இது 25 சதவீதம் அளவுக்கு இருந்தது. கொழுப்பல்லாத திசு முழுக்கத் தசை இல்லை, நீரும் மற்றதும் சேர்ந்ததுதான். எப்படி எடை குறைத்தாலும் கொஞ்சம் தசை போகத்தான் செய்யும். ஆனாலும், முற்றத்தில் பெரியம்மா நீட்டிய கையை இந்த எண்தான் எனக்கு விளக்கியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது கூடுதல் கவலை. இந்தியர்கள் பலருக்கு ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிடக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். கையிருப்பே குறைவாக இருக்கும்போது, அதிலிருந்தும் எடுத்தால்?

பெரியம்மாவின் ஒருநாள் கணக்கு

அன்று அவர் சாப்பிட்டதை போனில் குறித்துக்கொண்டேன். காலையில் கருப்பட்டிக் காபி, ஒன்றரை இட்லி. மதியம் ரசம் சோறு நாலு கவளம், கீரை ஒரு கரண்டி. சாயங்காலம் இன்னொரு காபி, ரஸ்க். ராத்திரி பாதி தோசை. கூட்டிப் பார்த்தால் புரதம் 15 கிராம் தேறினால் அதிகம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆரோக்கியமான ஒருவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோவுக்கு 50 கிராம். ஊசியில் எடை குறையும் காலத்தில் தேவை இன்னும் கூடும். அமெரிக்காவின் நான்கு மருத்துவ, ஊட்டச்சத்து அமைப்புகள் 2025-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை சொல்கிறது. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சர்க்கரை உள்ளவர்கள் கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

இவ்வளவு புரதத்துக்கு டப்பா கட்டாயமா? உடன்குடியில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் குலசேகரன்பட்டினம், மணப்பாடு. காலையில் மீன் தெருவுக்கே வந்துவிடுகிறது. 100 கிராம் சாளை மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம். இரண்டு முட்டையில் 12. ஒரு கிண்ணம் பருப்பில் 7. இரண்டு சிறு கிண்ணம் தயிரில் 7. ஒரு டம்ளர் பாலில் 6. ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையில் 6. இட்லி, தோசையில் வருவதையும் சேர்த்தால் 60-ஐத் தாண்டிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இவ்வளவும் உள்ளே போகாது. நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும். அதனால் வரிசையை மாற்ற வேண்டும். நாம் சோற்றைப் பிசைந்து, கடைசியில் மீனைத் தொடுகிற ஆட்கள். ஊசி போடுபவர்கள் மீனை, முட்டையை, பருப்பை முதலில் சாப்பிட வேண்டும். பிறகு காய். இடம் இருந்தால் சோறு. மூன்று வேளையை ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். வறுவல் வேண்டாம், வயிறு மெதுவாகக் காலியாகும்போது எண்ணெய்ப் பண்டம் குமட்டலைக் கூட்டும். கருவாட்டில் புரதம் உண்டு, உப்பும் உண்டு. பி.பி. இருந்தால் யோசித்துச் சாப்பிடவும்.

இதற்கும் வழியில்லாதபோதுதான் பவுடர். குமட்டல் அதிகமான முதல் மாதங்களில், சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கு, பல் இல்லாத பெரியவர்களுக்கு அது உதவும். அதற்கு முன், டப்பாவைத் திருப்பி ஒரு ஸ்கூப்பில் எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள். ஹெல்த் சப்ளிமென்ட் டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பது என் அனுபவம்.

மற்ற ஆறு டப்பாக்கள்?

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. சாப்பாடும் குறைந்தால் இரும்புச்சத்து, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் வரிசையில் நிற்கும். ஆனால், எது குறைவு என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், ரீல்ஸ் அல்ல. வைட்டமின் டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். இரும்பு மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டும்; ஊசியே அதைத் தரக்கூடியது. இரும்பு மாத்திரையோடு காபி, டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது.

முடி கொட்டுவது வேகமாக எடை குறைந்த இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கும் வரும். பெரும்பாலும் தானே சரியாகும். பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையால் பெரிய பலன் இல்லை. இன்னொன்று, அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டவைக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017-லேயே எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நார்ச்சத்துப் பொடியைப் போதிய தண்ணீர் இல்லாமல் குடித்தால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். இந்த ஊசியில் தாகமும் குறையலாம் என்பதால், நேரம் வைத்துத் தண்ணீர் குடிப்பதே நல்லது.

கருப்பட்டிக்கு வருவோம். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் ஊருக்கே பெருமை, எனக்கும்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குவதால் கால்சியம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால், அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். "கருப்பட்டி சுகருக்கு ஒண்ணும் செய்யாது" என்று இன்னும் நம்புகிற பெரியம்மாவுக்கு இதைச் சொன்னபோது, ஊருக்கே துரோகம் செய்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

அதைவிடப் பெரிய விஷயம் பேச்சுவாக்கில் வெளிவந்தது. ஊசி தொடங்கியது ஆகஸ்டில். குலசை முத்தாரம்மன் தசராவுக்கு அவர் வருஷா வருஷம் மாலை போட்டு, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பார். இந்த முறையும் இருந்திருக்கிறார். பசியே இல்லாததால் சுலபமாக இருந்ததாம். டாக்டரிடம் சொல்லவில்லை. ஊசியோடு இன்சுலினோ, கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இப்படி விரதம் இருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் அபாயம் உண்டு. பெரியம்மாவுக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்பதால் தப்பித்தார் என்று நினைக்கிறேன். தசையும் அந்த மாதங்களில்தான் அதிகம் கரைந்திருக்க வேண்டும்.

பொங்கல் முடிந்ததும் திருச்செந்தூரில் ரத்தம் கொடுத்தோம். பி12 குறைவு, டாக்டர் அதற்கு மட்டும் மாத்திரை எழுதினார், ஊசியின் அளவைக் கூட்டாமல் நிறுத்தி வைத்தார். புரதம் சாப்பிட்டால் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும் என்று, நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து பழகச் சொன்னார். முதல் நாள் மூன்று முறை. போன வாரம் வீடியோ காலில் பன்னிரண்டு முறை செய்து காட்டினார்.

அப்போதுதான் கேட்டார், "ஊசிய நிப்பாட்டினா பசி திரும்பி வந்துருமா?"

வரும் என்றேன். ஸ்டெப் 1 ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்ப ஏறிவிட்டது. எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போது ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி, தசரா விரதம் பற்றி.