சுவரும் சித்திரமும்

“சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்” என்பது நம்மவர் பழமொழி. அச்சுவர் யாருடையது, அதில் எதை எழுதலாம், எழுதியதை அழிக்கும் உரிமை யாருக்கு என்னும் வினாக்களை அது எழுப்பவில்லை. அவற்றை எழுப்புவதையே இக்கால ஓவியர் சிலர் தம் தொழிலாகக் கொண்டுள்ளனர்.

பொது இடம் என்றும் வெறுமையாய் இருந்ததில்லை. நம் அலோர் ஸ்டாரின் நடுவே நிற்கும் பாலாய் பெசார் மண்டபத்தையும், அரச வாத்தியங்களைக் காக்கும் பாலாய் நோபாட் கோபுரத்தையும் காண்போர், இஃது அரசு வீற்றிருக்கும் ஊர் என்பதை எவரும் சொல்லாமலே உணர்வர். தேர்தல் வந்துவிட்டாலோ கட்சிக் கொடிகள் சாலையோரத்தை மூடிவிடும். விளம்பரப் பலகைகள் ஆண்டு முழுதும் நம்மை அழைத்துக்கொண்டே இருக்கின்றன. தெருவில் நடப்பவன் மட்டும் வாய் திறப்பதில்லை.

லித்துவேனிய நாட்டவரான எர்னஸ்ட் சக்கரேவிச் என்னும் ஓவியர், 2012-ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவையொட்டிப் பினாங்கில் சில சுவர்களில் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில் இரு பிள்ளைகள் சைக்கிளில் செல்லும் படம் அவற்றுள் புகழ் பெற்றது. பிள்ளைகள் வண்ணத்தால் ஆனவர்கள். சைக்கிளோ மெய்யான சைக்கிள்! அதனருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள உல்லாசப் பயணிகள் வரிசை பிடித்தனர்.

மறு ஆண்டு நவம்பரில் அதே ஓவியர் ஜொகூர் பாருவில் ஒரு சுவரில் வரைந்தார். லெகோ என்னும் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொம்மையின் வடிவில் ஒரு பெண், விலையுயர்ந்த கைப்பையுடன் தெருமுனையை நெருங்குகிறாள். முனைக்கு அப்பால் கத்தியுடன் ஒரு கள்வன் காத்திருக்கிறான். லெகோவின் பெயரால் பெரியதொரு கேளிக்கைப் பூங்கா அம்மாநிலத்தில் திறக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. வழிப்பறியோ ஊரார் நாள்தோறும் பேசிய செய்தி. இவ்விரண்டையும் ஒரே படத்தில் சேர்த்ததே ஓவியரின் சாமர்த்தியம்.

நகரின் நற்பெயருக்கு இழுக்கு என்று கருதிய மாநகராட்சி, சில நாட்களிலேயே அதன்மேல் வெள்ளை பூசிவிட்டது. கண்டவர் கண்ட சுவரில் எழுதுவதைத் தடுக்க மாநகராட்சிக்குக் கடமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயின் நற்பெயரைக் கெடுத்தது கள்வனா, கள்வனின் படமா? சைக்கிள் படம் ஊருக்குச் செல்வமாகவும், கள்வன் படம் ஊருக்குக் குறையாகவும் எண்ணப்பட்டதில்தான் சுவரின் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது விளங்குகிறது.

இதற்கு முன்னோடியும் உண்டு. நியூயார்க்கின் ராக்பெல்லர் மாளிகையில் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா வரைந்த சுவரோவியத்தில் லெனினின் முகம் இருந்ததால், 1933-இல் வேலை நிறுத்தப்பட்டது. 1934-இல் ஓவியமே இடிக்கப்பட்டது. அவர் தம் நாட்டுத் தலைநகரில், நுண்கலை மாளிகையின் சுவரில் அதை மீண்டும் வரைந்தார்.

ஜொகூர்ப் படத்துக்கு மாளிகை தேவைப்படவில்லை. அழிக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட்டன. கைத்தொலைபேசிகள் வழியே படம் நாடெங்கும் சென்றது. அதன் பிரதிகள் வேறு சுவர்களிலும் தோன்றின. ஒன்று மட்டும் அவற்றால் இயலவில்லை. அந்தத் தெருவில், மாலை மங்கும் வேளையில் கைப்பையுடன் தனியே நடந்து வந்த பெண்ணுக்கு அப்படம் செய்தியாக இல்லை, எச்சரிக்கையாக இருந்தது. அவள் கண்ணில் பட்டது அதன்பின் வெள்ளைச் சுவரே.