விளக்கடியில் பத்து விரல்

மேசை விளக்கு ஒன்று. அதில் பழைய காலத்துக் குண்டு பல்பு. நிறநிறமாய்ப் பாட்டில்கள் அடுக்கிய நெயில் சலூனில் நிஜமான கதாநாயகன் இந்தக் குண்டு பல்புதான் என்று தெரிந்ததும் எனக்கு வந்த குதூகலத்தை எப்படிச் சொல்ல!

சென்னை நுங்கம்பாக்கத்தில், மாடிப்படி ஏறிப் போகிற சின்ன சலூன் அது. நகம் வெட்டிக்கொள்ள நான் போகவில்லை. வேலை செய்கிறவர்கள் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். அதுவும் முகூர்த்த நாளுக்கு முந்தின சனிக்கிழமை! வாசலில் செருப்பு வைக்க இடமில்லை, போன் ஓயவில்லை. நடத்துகிற அக்கா ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் ஃபைலோடு நின்றார். “உட்காருங்க, ஆனா பல்பு வயரை மட்டும் மிதிச்சிடாதீங்க” என்பதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

நான் பார்க்க ஆசைப்பட்டது, சூட்டில் வேலை செய்கிற நக பலப்படுத்தும் ட்ரீட்மென்டை. நகம் உடையுது, உரியுது, வளரவே மாட்டேங்குது என்று வருகிறவர்களுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் மேலே பூசுகிற ஹார்டனர்தான். அதில் ஃபார்மால்டிஹைடு வகை சேர்ந்தவை நகத்தின் கெரட்டினைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து இறுக்கிவிடும். ஆரம்பத்தில் கெட்டியாக இருக்கும், சந்தோஷமாக இருக்கும். பூசிக்கொண்டே போனால் வளைந்து கொடுக்கிற தன்மை போய், லேசாக இடித்தாலே ‘டக்’கென்று ஒடியும். நகம் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் வளையவும் வேண்டும்.

சூட்டு ட்ரீட்மென்ட் போகிற வழியே வேறு. தண்ணீர் பதத்தில் ஒரு திரவம். அதில் இருப்பவை மிகச் சிறிய மூலக்கூறுகள், மோனோமர்கள். நகத்தில் மெல்லிசாகத் தடவி அந்தக் குண்டு பல்பின் இதமான சூட்டில் வைத்தால் திரவம் இன்னும் இளகி, நகத்தின் மேலடுக்குகளுக்குள் இறங்குகிறது. பிறகு மேலே மிஞ்சியதைத் துடைத்துவிட்டு எல்.ஈ.டி. விளக்கில் வைத்தால், உள்ளே போன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து அங்கேயே வலையாக இறுகிவிடும். நகத்துக்கு மேலே அல்ல, நகத்துக்குள்ளே! இந்த வகையில் பெயர் வாங்கியது அமெரிக்காவின் ஃபேமஸ் நேம்ஸ் கம்பெனியின் ஐ.பி.எக்ஸ். அதற்குப் பின்னால் வேறு சில கம்பெனிகளும் இந்த வழிக்கு வந்துவிட்டன.

இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு அக்கா எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறார் தெரியுமா? “மருதாணி வெச்சிருக்கீங்களா? நெயில் பாலிஷ்னா சுரண்டினா வந்துடும். மருதாணி வருமா? நகம் வளர்ந்து வெட்டுற வரைக்கும் போகாதில்ல? இதுவும் அப்படித்தான்.” எத்தனை கச்சிதம்! மருதாணியின் சாயச்சத்தான லாசோன் கெரட்டினோடு சேர்ந்துவிடுவதால்தான் அழிவதில்லை. தோசைக்கல்லில் கிராம்பைப் போட்டு, அந்தப் புகையில் மருதாணிக் கையைக் காட்டுகிற பாட்டிகளுக்கு, சூடு பட்டால் நன்றாகப் பிடிக்கும் என்பது எப்போதோ தெரிந்த சங்கதி. அக்கா இதைச் சொன்னதும் எதிரே இருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா, “அப்போ நானே பல்பு பிடிக்கிறேன்” என்று எழுந்துவிட்டார்.

இனிதான் விஷயமே. சூடு என்றால் காத்திருப்பு. தயாரிப்பைப் பொறுத்து நேரம் மாறும். இந்த சலூனில் பாட்டிலோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். சுமாராக ஒரு சுற்றுக்கு நாலைந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை, அப்புறம் மறு கை. முதல் கோட், அப்புறம் இரண்டாவது கோட். ஒன்று முடிந்துதான் ஒன்று என்று செய்தால் சும்மா பல்பைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே இருபது நிமிஷம் போய்விடும். அதனால்தான் பல இடங்களில் இந்த ட்ரீட்மென்டை வாங்கி வைத்துவிட்டு, பரபரப்பான நாளில் ‘இன்னைக்கு இல்லை’ என்று கைவிரிக்கிறார்கள். இல்லாவிட்டால் சூட்டு நேரத்தைப் பாதியாக வெட்டுகிறார்கள். பாதி வெட்டினால் திரவம் உள்ளே போகாது, காசுதான் போகும்.

இங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்குக் கைதட்டவே தோன்றியது. அக்காவோடு வேலை செய்வது மிசோரத்திலிருந்து வந்த ஒரு பெண். அவள் பேசும் தமிழில் அக்மார்க் மெட்ராஸ் வாடை. உட்கார்ந்திருந்தவர் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். இடது கையைத்தான் முதலில் தயார் செய்தாள். கியூட்டிகிளைத் தள்ளி, நகத்தின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தோல் பொருக்கைச் சுரண்டி எடுத்து, டீஹைட்ரேட்டரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, திரவத்தைத் தடவினாள். “லெஃப்ட் சூடு!” என்று ஒரு குரல். கை பல்புக்கு அடியில் போனது. அடுத்த நொடியே வலது கையில் கியூட்டிகிள் வேலை. வலது கை தயாராகும்போது இடது கையின் டைமர் அடிக்கிறது. “ரைட் சூடு!” இப்போது வலது கை பல்புக்கு, இடது கை துடைக்க, விளக்கில் இறுக, அடுத்த கோட்டுக்கு. கைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, அவள் கை ஒரு நிமிஷம்கூடச் சும்மா இல்லை. சூட்டுக்கான நேரத்தில் ஒரு நொடியும் குறையவில்லை, ஆனால் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை! பல்பு வெறும் நாற்பது வாட். ஒரு சாண் உயரம். வாடிக்கையாளரின் கை அடியில் போகும் முன்பு தன் மணிக்கட்டின் உள்பக்கத்தைக் காட்டிப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும்.

நர்ஸின் கட்டைவிரலை மட்டும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தேன். நுனியில் நகம் மூன்று தாளாகப் பிரிந்திருந்தது. மேல் தாள் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு, நடுவிலிருப்பது ஓரத்தில் கிழிந்து, அடியிலிருப்பது மட்டும் விரலோடு. நாள் முழுக்கக் கை கழுவுவதும் சானிடைசர் போடுவதும் செய்கிற வேலை. ஈரம், உலர்வு, மறுபடி ஈரம் என்று மாறி மாறி வந்தால் அடுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு தளர்ந்துபோகும். ‘பால் குடிக்கிறேனே, கால்சியம் மாத்திரை போடுறேனே’ என்றார் பாவம். நகத்தின் உறுதிக்குக் காரணம் கால்சியம் அல்ல, கெரட்டினில் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். நகத்தில் கால்சியம் இருப்பதே மிகக் கொஞ்சம். அந்தப் பெண் பிரஷை பாட்டில் வாயில் நன்றாக வழித்து, ஊசிமுனையளவு துளியைப் பிரிந்த நுனியின் ஓரத்தில் வைத்தாள். துளி நிற்கவில்லை. அடுக்குகளின் இடுக்கில் சட்டென்று ஓடி மறைந்தது. தூக்கியிருந்த வெள்ளை, கண் முன்னே தெளிந்து நிறம் மாறியது. “பார்த்தீங்களா! பார்த்தீங்களா!” என்றேன். நர்ஸைவிட நான்தான் அதிகமாகத் துள்ளினேன்.

ஒரு துளிக்கு மேல் வைத்தால் என்ன? அக்காவிடம் கேட்டேன். “நிறைய ஊத்தினா நிறைய இறங்கும்னு நினைப்பாங்க. நகம் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவுதான் குடிக்கும். மிச்சம் தோலுக்குத்தான் போகும்.” இதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. இறுகாத அக்ரிலேட் வகைத் திரவம் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வரலாம். வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க நிற்கும். அப்புறம் ஜெல் பாலிஷும் வைக்க முடியாது, பல் டாக்டர் போடுகிற சில ஃபில்லிங்கும் சிக்கலாகலாம். அதனால் தோலில் பட்டதை விளக்குக்குப் போகும் முன்பே துடைத்தாக வேண்டும். நகத்தின் மேலே மிஞ்சியதையும் அப்படித்தான். அதை அப்படியே இறுகவிட்டால் மேலே ஒரு படலமாக நின்று நாலு நாளில் உரியும், ‘ட்ரீட்மென்ட் வேலை செய்யலை’ என்று பெயர் மட்டும் கெடும். துடைப்பதற்குப் பஞ்சே கிடையாது, நூல் பிரியாத துணித்துண்டுதான். ஒரு விரலுக்குத் தொட்ட பக்கம் இன்னொரு விரலுக்குப் போகாது. மிசோரம் பெண் அதை மடித்து மடித்துப் புதுப் பக்கம் எடுக்கிற வேகம் இருக்கிறதே, சீட்டுக்கட்டு கலைக்கிறவர்கள் தோற்றார்கள்!

ஏ.சி.யைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முன்பு இந்த மேசை ஏ.சி.க்கு நேர் கீழே இருந்ததாம். பல்பு சூடு கொடுக்க, ஏ.சி. அதைப் பிடுங்க, அதே நேரம் வைத்தும் பலன் பாதிதான். மேசையை மூலைக்கு நகர்த்திய அன்றே வித்தியாசம் தெரிந்தது என்றார் அக்கா. வெளியே வெயில் கொளுத்துகிற ஊரில், உள்ளே விரல் ஜில்லென்று இருக்கிறதே என்று கவலைப்படுகிற ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். ஜில்லென்ற விரல்களை அந்தப் பெண் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறாள்.

வெந்நீரில் விரலை ஊற வைப்பது மானிக்யூர் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது. இங்கே அந்தக் கிண்ணம் அலமாரிக்குள் போய்விட்டது. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும். உப்பிய நகத்துக்குள் திரவத்துக்கு இடமேது? ஆகவே கை காய்ந்தே இருக்கும், ஊறுவது கால் மட்டும். ‘பெடிக்யூரும் வேணும்’ என்று வருகிறவரின் கால் டப்பில், கை பல்படியில், மடியில் வாரப் பத்திரிகை. ஒரே நாற்காலியில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. கல்யாணப் பெண்ணுக்கு இப்படி முடித்து அனுப்பியபோது, அடுத்து ஜடை பின்னுகிறவரிடம் ஓட அவளுக்கு நேரம் மிச்சம் இருந்தது!

எல்.ஈ.டி. விளக்கு பற்றி ஒரு பிடிவாதம் உண்டு. எந்தத் திரவமோ, அதற்குப் பரிந்துரைத்த விளக்குதான். இவை 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான ஒளியில் வேலை செய்பவை. மலிவாகக் கிடைத்தது என்று ஏதோ ஒரு விளக்கில் காட்டினால் மேலே இறுகியது போலத் தெரியும், உள்ளே அரைவேக்காடு. லேபிளையும் விடாமல் படிக்கிறார் அக்கா. டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்ததிலிருந்து, புது பாட்டில் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். விளக்குக்குள் கை போகும்போது சிலருக்குச் சுரீரென்று சுடும். மூலக்கூறுகள் இணையும்போது சூடு கிளம்பும், நகம் மெலிந்திருந்தால் அது அப்படியே சதைக்குத் தெரியும். “சுட்டா உடனே கையை வெளிய எடுத்துடுங்கம்மா, திரும்ப வைக்கலாம்” என்று மிசோரம் பெண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். கோட் மெல்லிசாக இருந்தாலே பாதிச் சூடு குறைந்துவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது. கல்லூரிப் பெண் ஒருத்தி ஆசையாக வந்தாள். நகம் ரோஜா நிறத்தில், கண்ணாடி மாதிரி. “உனக்கு எதுக்கும்மா இது? எண்ணெய் தடவு, போதும்” என்று அக்கா அனுப்பிவிட்டார். இன்னொருவருக்கு நகம் சதையை விட்டு எழும்பியிருந்தது. தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நடுவில் குழிந்து கரண்டி வடிவில் நகம் வைத்திருந்த பெண்ணை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். “ரத்தம் குறைவா இருந்தாலும் இப்படி ஆகும்மா. முதல்ல ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துப் பாரு, அப்புறம் நகத்தைப் பார்க்கலாம்.” முகூர்த்த நெரிசலில், காசு கொடுக்கக் காத்திருப்பவர்களிடம் இதைச் சொல்கிறவரைப் பார்த்தால் எழுந்து கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

நர்ஸின் பத்து விரலும் முடிந்தன. கடைசியில் எண்ணெய். முதலில் ஒட்டவே கூடாது என்று துடைத்தெடுத்த அதே எண்ணெய்ப் பசைக்கு இப்போது ராஜமரியாதை. கியூட்டிகிள் எண்ணெயை வைத்துத் தேய்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும்போது கையுறை, நகத்தால் சுரண்டி ஸ்டிக்கர் பிரிக்கக் கூடாது என்று அறிவுரை. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து புதிதாகக் கிளம்பும் பகுதிக்கு ட்ரீட்மென்ட் எட்டியிருக்காது. முழு நகம் மாற ஆறு மாதம் வரை ஆகலாம். அதனால் ஆள் நாற்காலியை விட்டு எழும் முன்பே அடுத்த தேதி டைரியில் ஏறிவிடும்.

“ரெண்டு வாரம் கழிச்சுச் சனிக்கிழமை?” என்றாள் மிசோரம் பெண்.

“அன்னிக்கு எனக்கு நைட் டூட்டி முடியுற நாளாச்சே” என்றார் நர்ஸ்.

அக்கா டிபன் பாக்ஸை ஒருவழியாகத் திறந்துகொண்டே சொன்னார்: “அப்போ முடிச்சிட்டு நேரா வந்துடுங்க சிஸ்டர். எட்டு மணிக்கே திறக்கச் சொல்றேன். கால் டப்பையும் போட்டு வைக்கிறோம், கை பல்படியில இருக்கும்போது அப்படியே கொஞ்சம் தூங்கிக்கலாம்.”