பழைய சக்ஸோ வாங்குமுன்...

ஓல்னே-சூ-புவாவில் 1973 இல் திறக்கப்பட்ட சித்ரோன் தொழிற்சாலை 2013 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் 1996 முதல் 2003 வரை அங்கு செய்யப்பட்ட சக்ஸோ கார்களை இன்றும் வீதியில் காண்கிறோம். அதில் 16 வால்வு 'வி.ரி.எஸ்.' என்ற வகைக்கு 120 குதிரை வலு. நிறையோ ஒரு தொன்னுக்கும் குறைவு. எமது இளைஞர்கள் மயங்குவது இதில்தான். காரைத் தாழ்த்தி, அகன்ற சில்லுப் பூட்டி, சத்தம் போடும் சைலன்சர் மாட்டி விற்கிறார்கள். இரவு வேலைக் காசும் சீட்டுக் காசும் அங்கே போய்விடுகின்றன.

"இதற்கு எவ்வளவு செலவழித்தேன் தெரியுமா?" என்றுதான் விற்பவர் தொடங்குவார். அது அவருடைய ஆசைக்குச் செலவழித்தது, நாம் அதற்கு விலை கொடுக்கத் தேவையில்லை. யார் பூட்டியது, கராஜ் பற்றுச்சீட்டு உண்டா, கழற்றிய பழைய சாமான்கள் எங்கே என்று கேட்க வேண்டும். பழைய சாமான்களைப் பத்திரமாக வைத்திருப்பவர் காரையும் ஓரளவு கவனமாகவே வைத்திருப்பார் என்பது எமது எண்ணம்.

பகலில், மழையில்லாத நாளில் போங்கள். ஈரம் பெயின்ற் வேறுபாட்டை மறைத்துவிடும். போனவுடன் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போதுதான் உண்மை தெரியும். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, தண்ணீர் உள்ளே போவதைக் காட்டும். ரைமிங் பெல்ற் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கெடுத்து விலை பேசுங்கள்.

சக்ஸோவுக்கும் பெஜோ 106 இற்கும் பொதுவான வருத்தம் ஒன்று உண்டு: பின் அச்சு. பின்சில்லுகளைத் தாங்கும் கைகள் ஊசி பெயாரிங்குகளில் திரும்புகின்றன. தண்ணீர் புகுந்து அவை தேய்ந்தால் சில்லுகளின் மேற்பக்கம் உள்ளே சாயும். காருக்குப் பின்னால் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். "தாழ்த்தினால் அப்படித்தான் இருக்கும்" என்பார்கள், நம்ப வேண்டாம். முறையாகத் தாழ்த்துவதென்றால் முறுக்குத் தண்டுகளை இழுத்தெடுத்து மீண்டும் அளவாகப் பூட்ட வேண்டும், பொறுமையான வேலை. ரயரின் உட்கரையையும் கையால் தடவிப் பாருங்கள். வெளிக்கரை புதிதாக இருக்க, உட்கரை மொட்டையாகியிருக்கும்.

கொந்ரோல் தெக்னிக் 1992 முதல் கட்டாயம். நான்கு வருடத்துக்கு மேற்பட்ட காரென்றால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட அறிக்கையை விற்பவர் தர வேண்டும். அது மட்டும் போதாது. பரிசோதனைக்குப் பழைய சைலன்சரை மாட்டி, முடிந்ததும் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். 2019 இல் அரசு தொடங்கிய 'இஸ்தோவெக்' இலவசப் பதிவை அனுப்பும்படி கேளுங்கள். கார் எத்தனை கை மாறியது, பெரிய விபத்தில் பதிவானதா என்று அதில் தெரியும். தர மறுத்தால் திரும்பி வந்துவிடலாம்.

எஞ்சின் மாற்றியிருந்தால் அரச அங்கீகாரம் பெற்று கார்த் கிரீஸ் திருத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் காப்புறுதியில் சிக்கல் வரும். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் ஒப்பந்தமே செல்லாமற் போகலாம். காயப்பட்டவருக்கு நட்டஈடு கிடைக்கும். ஆனால் அந்தக் காசை விபத்துக்குப் பொறுப்பானவரிடமே திருப்பிக் கேட்பார்கள். ஒருவர் காலை இழந்தால் அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். மகன் ஓடும் காருக்குத் தகப்பனின் பெயரைப் பிரதான சாரதியாகக் கொடுக்கும் எம்மவர் பழக்கமும் பொய்த் தகவல்தான். புதுச் சாரதிக்கு முதல் வருடம் கட்டணம் இரட்டிப்பாகவும் வரலாம் என்பதால், காரைப் பேசுமுன் காப்புறுதியைக் கேளுங்கள்.

முன் பக்கக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அன்றே கிழித்துவிடுங்கள். 2017 முதல் அவை 70 வீத வெளிச்சத்தை விட வேண்டும். தவறினால் 135 யூரோ, 3 புள்ளி. புதுச் சாரதியிடம் இருப்பதே 6 புள்ளிகள்.

தனியே போகாமல் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கழற்றிய பழைய சாமான்களை அன்றே ஏற்றிக்கொண்டு வாருங்கள். "பிறகு தருகிறேன்" என்றால் அது வராது.