மரப் புத்தர் சிலை (தமிழ்நாடு)

மரப் புத்தர் சிலை என்பது மரக்கட்டையைக் கையால் செதுக்கி உருவாக்கப்படும் புத்தர் உருவம் ஆகும். தமிழ்நாட்டில் இன்று இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் பௌத்தர்கள் அல்லர். கோயில் தேர், வாகனம், தெய்வ உருவங்கள் ஆகியவற்றைச் செய்து பழகிய மரச்சிற்பிகளே புத்தரையும் செதுக்குகின்றனர். பௌத்த சமயம் இம்மண்ணில் ஏறத்தாழ மறைந்த பிறகும் புத்தர் உருவத்தைச் செய்யும் அறிவு மறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். உருவ அளவு நூல்கள் சிவனுக்கும் திருமாலுக்கும் புத்தருக்கும் ஒரே அளவு முறையைத்தான் வைத்திருக்கின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியை நடுவாக வைத்துப் பார்த்தால் இக்கலையின் நிலவரைபடம் எளிதில் விளங்கும். கிழக்கே கடற்கரையில் மாமல்லபுரம். அங்கு கல் சிற்பக் கூடங்களும் சிற்பக் கல்லூரியும் உள்ளன. வடமேற்கே காஞ்சிபுரம், பழைய புத்தர் சிலைகளும், தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற மரத் திருமேனியான அத்திவரதரும் அங்கே உள்ளன. கருங்குழி வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே போனால், அதிலிருந்து பிரியும் சாலைகளில் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற கள்ளக்குறிச்சியையும் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரையும் அடையலாம்.

மரமும் கல்லும்

திருவுருவம் செய்யத் தகுந்த பத்துப் பொருள்களைத் திவாகர நிகண்டு குறிப்பிடுகிறது. கல், உலோகம், சுதை முதலியவற்றோடு மரமும் அதில் ஒன்று. கட்டடக் கலையில் மரத்தின் பங்கு இன்னும் பழையது. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள குடைவரைக் கோயிலின் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் பெருமையாகக் கூறுகிறான். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெருமைக்குரிய செய்தி என்றால், அதற்கு முன் கோயில்கள் அந்தப் பொருள்களால்தான் கட்டப்பட்டன என்பது பெறப்படுகிறது. மாமல்லபுரத்து ரதங்களை உற்றுப் பார்ப்பவர்களும் இதை உணரலாம். திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிலின் வடிவம். பீம ரதத்தின் கூரை, மரச்சட்டங்களை வளைத்து அமைத்த கூரையைக் கல்லில் அப்படியே காட்டுகிறது. கல்தச்சன் தச்சனிடம் பாடம் கேட்டிருக்கிறான் என்று சொன்னால் தவறாகாது.

மரத்தால் ஆன பழைய உருவங்கள் நம்மிடம் குறைவாக எஞ்சியதற்குக் கரையானும் மழையும் தீயும் காரணம். எஞ்சியவற்றில் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் தனித்தன்மை உடையவர். அத்தி மரத்தால் ஆன இத்திருமேனி அனந்தசரசு திருக்குளத்தின் நீருக்கடியில் வைக்கப்பட்டு, 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எடுக்கப்படுகிறது. 1979ஆம் ஆண்டுக்குப் பின் 2019 சூலை, ஆகத்து மாதங்களில் மக்கள் தரிசித்தனர். காற்றுப் படாமல் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரம் எளிதில் மட்காது. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் மரமே விரைவில் கெடும். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளின் திருமேனியும் மரத்தாலானது என்று கோயில் மரபு கூறுகிறது.

தமிழகத்துப் புத்தர் உருவங்களில் நாம் இன்று காண்பவை கல்லும் உலோகமுமே. காஞ்சிபுரத்துப் புத்தர் சிலைகளைப் பற்றி டி. ஏ. கோபிநாத ராவ் 1915இல் எழுதினார். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி 1930கள் வரை ஏறத்தாழ 350 பௌத்த உலோகத் திருமேனிகள் கிடைத்தன. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது. சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே தியாகனூரில் பெரிய கல் புத்தர் தியான நிலையில் அமர்ந்திருக்கிறார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளுக்கு இது தொலைவான ஊர் அன்று. ஆகவே, புத்தர் உருவத்துக்கு முன்மாதிரி தேடி யாரும் தாய்லாந்துக்கோ சப்பானுக்கோ போகவேண்டியதில்லை.

தமிழகப் புத்தரின் அடையாளங்கள்

விற்பனையில் உள்ள பல புத்தர் உருவங்கள் அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்யப்படுபவை. தமிழகத்துப் பழைய உருவங்களில் இரண்டு கூறுகளைக் குறிப்பாகக் கவனிக்கலாம். ஒன்று, தலை உச்சியில் தீச்சுடர் போல் எழும் முடி. நாகப்பட்டினத்துத் திருமேனிகளில் இது தெளிவாகத் தெரியும். இலங்கை உருவங்களிலும் உண்டு. மற்றொன்று, கால்களின் அமைப்பு. வட இந்திய உருவங்களில் இரண்டு உள்ளங்கால்களும் மேல்நோக்கித் தெரியும் பதுமாசனம் மிகுதி. தென்னாட்டிலும் இலங்கையிலும் ஒரு காலின் மேல் மற்றொரு காலை வைத்து, ஓர் உள்ளங்கால் மட்டும் தெரிய அமரும் வீராசனமே பெரிதும் காணப்படுகிறது. மடியில் ஒரு கைமேல் ஒரு கையாக வைத்த தியான முத்திரையும் அவ்வாறே.

அளவைப் பொறுத்தவரை, மானசாரம் என்னும் சிற்ப நூல் புத்தருக்கு உத்தம தசதால அளவை விதிக்கிறது. இம்முறையில் நின்ற உருவத்தின் மொத்த உயரம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும். இந்த அங்குலம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. சிலையின் உயரத்தை 124ஆல் வகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கு. சிலை ஒரு சாண் ஆனாலும் ஓர் ஆள் உயரம் ஆனாலும் விகிதம் மாறாது. ஏறத்தாழ பாதி அளவு இடுப்புக்குக் கீழே கால்களுக்குப் போகும். கட்டையின் நடுவே மேலிருந்து கீழாக இடப்படும் கோட்டுக்குப் பிரம்மசூத்திரம் என்று பெயர். மூக்கு நுனியும் தொப்புளும் இக்கோட்டில் நிற்கவேண்டும். கோடு ஒரு நூல் அளவு விலகினாலும் முகம் கோணிவிடும்.

கட்டையைத் தேர்தல்

மரச்சிலையின் வெற்றியும் தோல்வியும் உளி படுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகின்றன. அரும்பாவூர்ச் சிற்பிகள் வாகை, மா, மாவிலங்கை, வேம்பு முதலிய மரங்களைப் பயன்படுத்துகின்றனர். தேக்கும் பிற ஊர்களில் வழக்கத்தில் உண்டு. மரத்தின் வெளிப்புறத்தில் உள்ள வெளிறிய பகுதியை வண்டு எளிதில் துளைக்கும். உள்ளே உள்ள வைரம் பாய்ந்த கட்டையே சிலைக்கு ஏற்றது. ஆனால் அதன் நட்டநடுவில் உள்ள மையத்தையும் தவிர்க்கவேண்டும்.

இதன் காரணம் எளிமையானது. ஈரம் காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகச் சிறிது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையைவிட, ஆண்டு வளையத்தை ஒட்டிச் செல்லும் திசையில் சுருக்கம் சுமார் இரு மடங்கு. உருண்டைக் கட்டை முழுதாகக் காய்ந்தால் பட்டையிலிருந்து மையம் வரை ஆரமாக வெடிப்பதற்கு இதுதான் காரணம். அந்த வெடிப்பு புத்தரின் முகத்தில் ஓடினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். எனவே கட்டையைப் பிளந்து மையம் நீங்கிய துண்டை எடுப்பார்கள். அது முடியாதபோது மையம் சிலையின் முதுகுப் பக்கம் விழுமாறு கட்டையைத் திருப்பி வைத்து வரைவார்கள். வெட்டுமுனைகள் விரைவாகக் காயாதபடி மெழுகோ வண்ணமோ சாணமோ பூசி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்கி வைப்பார்கள். தடித்த கட்டைக்கு மாதக்கணக்குப் போதாது.

அமர்ந்த புத்தர் இதில் ஒரு கூடுதல் சிக்கலைத் தருகிறார். நின்ற உருவத்துக்கு ஒல்லியான கட்டை போதும். தியானப் புத்தருக்கு முழங்காலுக்கு முழங்கால் அகலம் மிகுதி. அதற்குப் பருத்த மரம் வேண்டும். பருத்த கட்டை உலர நெடுநாள் ஆகும். வெடிக்கும் வாய்ப்பும் கூடும். சப்பானியர் இதற்கு வேறு வழி கண்டனர். சிலையின் உட்புறத்தைக் குடைந்து எடுத்தனர். பின்னர்ப் பல கட்டைகளை இணைத்துச் செதுக்கும் முறைக்கு மாறினர். 1053இல் சோச்சோ என்னும் சிற்பி பியோடோ-இன் கோயிலுக்குச் செய்த அமிதாப புத்தர் இம்முறையின் உச்சம். தமிழ்நாட்டில் ஒரே கட்டையில் செதுக்குவதே சிறப்பாக மதிக்கப்படுகிறது. அரும்பாவூர்ச் சிற்பங்களுக்கு அதுவே அடையாளம். அழகான கொள்கைதான், ஆனால் கட்டை காயும்வரை காத்திருக்கும் பொறுமை இல்லாவிட்டால் ஆபத்தான கொள்கையும்கூட.

செதுக்குதல்

கட்டையின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் உருவத்தின் வெளிக்கோடு வரையப்படும். முதலில் வாச்சியாலும் பெரிய உளியாலும் வேண்டாத பகுதிகள் தள்ளப்படும். தலை, தோள், முழங்கால் எல்லாம் இப்போது வெறும் பட்டைகளாகத்தான் தெரியும். பிறகு குழிவான உளிகளை மரக் கொட்டாப்புளியால் தட்டி உருவத்தை வட்டமாக்குவார்கள். உளி மரத்தின் ஓட்டத்தோடு போகவேண்டும். எதிர்த்துப் போனால் மரம் சிராய்த்துப் பெயரும். கன்னம் போன்ற வளைவில் இந்த ஓட்டம் நடுவழியில் திசை மாறுவதால், ஒரே கன்னத்துக்கு மேலிருந்து ஒரு தடவையும் கீழிருந்து ஒரு தடவையும் உளி வைக்க வேண்டிவரும்.

தியான முத்திரை மரத்துக்கு இணக்கமானது. கைகள் மடியோடு ஒட்டியிருப்பதால் விரல்கள் ஒடிவதில்லை. முன்நோக்கி நீளும் கையில் ஓட்டம் குறுக்காக அமைவதால் அது சிறு அடியிலும் முறியும். அதைத் தனிக் கட்டையில் செய்து பொருத்துவதும் உண்டு. தலையின் சுருள் முடி பார்வைக்கு எளிது, வேலைக்குக் கடினம். ஒவ்வொரு சுருளும் ஒரே அளவில், வரிசை பிறழாமல் உச்சி வரை ஏறவேண்டும். கண்கள் கடைசியில்தான் வரும். பாதி மூடிய இமைக்கும் தூங்கும் இமைக்கும் இடையே இருப்பது உளியின் ஒரே ஒரு கீறல்தான். இலங்கைச் சிங்களப் பௌத்தரிடையே கண் திறப்பது ஒரு தனிச் சடங்கு. கலைஞர் சிலையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக் கண்ணை எழுதுவார். இதை ஆனந்த குமாரசாமி 1908இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் குறித்துள்ளார்.

பயிற்சியும் அங்கீகாரமும்

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. வை. கணபதி ஸ்தபதி இதன் தலைவராக நெடுங்காலம் பணியாற்றினார். கல், உலோகம், சுதை ஆகியவற்றோடு மரச்சிற்பமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. மாமல்லபுரம் கல் சிற்பங்களுக்கு 2017இலும், அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்குறியீடு ஊர்ப்பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும். கட்டை விலையையும் உளி பிடிக்கும் கைக்கான கூலியையும் அது தீர்மானிப்பதில்லை.

கைவேலையும் எந்திர வேலையும்

கணினியால் இயங்கும் செதுக்கு எந்திரங்கள் இப்போது பரவிவிட்டன. ஒரு வடிவத்தைப் பதிவு செய்துவிட்டால் ஒரே மாதிரியான சிலைகளை அவை வெட்டித் தள்ளும். எந்திரம் வைத்துத் தொழில் செய்வது குற்றமன்று. எந்திரத்தில் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கைவேலை என்று கைவேலையின் விலைக்கு விற்பதுதான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்குபவரின் பிழைப்பைக் கெடுக்கிறது.

வாங்குபவர் சிலவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மேலிருந்து மட்டும் வெட்டும் சாதாரண எந்திரத்தின் முனை பள்ளத்தின் அடியில் வளைந்து நுழையாது. எனவே காதின் பின்புறம், கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்து, ஆடை மடிப்பின் உள்பக்கம் ஆகியவை ஆழமின்றி மழுங்கியிருக்கும். சிலையின் அடியிலோ முதுகிலோ இணையான மெல்லிய கோடுகள் சீராக ஓடினால் அதுவும் ஓர் அடையாளம். கடையில் உள்ள பத்துப் புத்தர்களின் சுருள்முடியும் எண்ணிக்கையில்கூட மாறாமல் இருந்தால் ஐயப்படலாம். கையால் செய்த இரண்டு சிலைகள் ஒரே முகத்தோடு அமைவதில்லை.

சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. சந்தன மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். ஈட்டி உள்ளிட்ட தல்பெர்கியா இன மரங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளதால், அவற்றாலான சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும்முன் ஆவணங்களைக் கேட்டறிய வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகும். அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. புதுச் சிலைக்குப் புகையேற்றிப் பழமை காட்டி விற்பவர்களிடம் இந்த ஒரு சட்டத்தைச் சொன்னாலே பேச்சு மாறிவிடும்.

வீட்டில் வைக்கும்போது நேர்வெயிலும் குளிரூட்டியின் நேர்க்காற்றும் படாத இடம் நல்லது. கடற்கரை ஈரக்காற்றில் செய்த சிலை, வறண்ட அறைக்குப் போனதும் மீண்டும் சுருங்கத் தொடங்கும். முதல் ஓராண்டில் முதுகில் மயிரிழை வெடிப்புத் தோன்றுவது இதனால்தான். அதை உடனே அடைக்காமல், சுருக்கம் நின்றபின் அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பது மரச்சிற்பிகளின் வழக்கம்.