நாட்டுத் துப்பாக்கிக்கு எத்தனை கணக்கு?

செட்டிகுளம் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றி தீராத தலைவலி. 'ஒரு துப்பாக்கி வாங்கி வைத்தால் என்ன?' என்ற பேச்சு அடிக்கடி எழும். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பயிர்க் காவலுக்கு இன்ன துப்பாக்கி என்று 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே சொல்கிறது. அதுதான் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி.

வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் கலந்த கருமருந்தைக் குழல் வாயில் கொட்டுவார்கள். அதன்மேல் காகிதமோ தேங்காய் நாரோ அடைத்து, ரவை போட்டு, மறுபடி அடைத்து, நீளக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். குழலின் அடியில் துளையுள்ள சிறு காம்பு ஒன்று இருக்கும். அதில், தட்டினால் வெடித்துப் பொறி கிளப்பும் கேப்பு என்ற சிறு மூடியை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை கேப்பின்மேல் விழும். அந்தப் பொறி துளை வழியே மருந்தைப் பற்றவைக்கும். குழலுக்கு ஒரு வெடிதான். அடுத்ததற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினே இதில் கிடையாது; அதனால் அதில் எத்தனை தோட்டா என்ற கணக்கும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அங்கே துப்பாக்கிக்காரர் கவலை அது. நம் சட்டம் மேகசினைப் பற்றிப் பேசுவது வேறு இடத்தில்: விசையை அழுத்திப் பிடித்தால் மேகசின் காலியாகும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் ஆயுதம் தடைசெய்யப்பட்டது. மற்றக் கணக்கெல்லாம் சட்டத்திலும் உரிமப் புத்தகத்திலும்.

முதல் கணக்கு எண்ணிக்கை. ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை 2019 திருத்தம் 2 ஆக்கியது. அப்பா விட்டுப்போன துப்பாக்கியும் இதில் அடக்கம். இரண்டாவது தோட்டா: ஒரே நேரத்தில் எத்தனை இருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். மூன்றாவது நீளம்: தோட்டா போடும் வழவழப்புக் குழல் துப்பாக்கிக்குப் பயிர்க் காவல் உரிமம் கிடைத்தாலும், குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; அனுமதியின்றி அதை அறுத்துக் குட்டையாக்குவதும் குற்றம். நான்காவது காலம்: உரிமத்துக்கு ஆயுள் 5 ஆண்டு. புதுப்பிக்காமல் காலாவதியானால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். விற்பதென்றால் 45 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் தண்டனை 2 முதல் 5 ஆண்டு சிறை. கல்யாணத்திலோ திருவிழாவிலோ கொண்டாட்டத்துக்கென்று அசட்டையாகச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இன்னொன்றை. ஆயுத உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான். மயிலையோ பன்றியையோ கொல்ல அல்ல. அதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோதும், சுடும் வேலையை வனத்துறையினரிடமே கொடுத்தது. ஆகவே உரிமம் உள்ள விவசாயியும் பன்றி வந்தால் வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும்.