காதில் மாட்டும் முன் மீட்டரில் பார்!



"டயகிராம் கையில இருக்கு, ஐ.சி. கையில இருக்கு, ஒரு மணி நேர வேலைதானே!" என்றுதான் நாங்களும் ஆரம்பித்தோம். ஆனால் அந்தச் சின்ன போர்டு எங்களுக்கு ஒரு பாடமே நடத்திவிட்டது.

1998-ல் சூ மோய் என்பவர் வெளியிட்ட பாக்கெட் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர், உலகெங்கும் மாணவர்கள் செய்து பார்க்கும் சர்க்யூட். அதைப் பார்த்துத்தான் நாங்களும் செய்தோம். சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு, ரயிலில் முண்டியம்பாக்கம் வந்து இறங்கிய அன்றே சால்டரிங் முடிந்தது. அவர் போட்ட எஃப்.இ.டி. இன்புட் ஐ.சி.க்குப் பதில், மலிவாகக் கிடைத்த 5532-ஐப் போட்டோம். "இதுவும் ஓப்-ஆம்ப்தானே" என்று நினைப்பு!

சர்க்யூட் ரொம்ப எளிது. 5532-க்குள் இரண்டு ஓப்-ஆம்ப். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு. இரண்டு 9 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்தால் நடு இணைப்புதான் கிரவுண்ட். சிக்னல் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக பிளஸ் இன்புட்டுக்குப் போகும். அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். ஃபீட்பேக்கில் 10 கிலோ ஓம், மைனஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். ஆக, கெயின் 1 + 10/1 = 11.

அறைத் தோழன் சேமித்து வாங்கிய 32 ஓம் ஹெட்போனைச் சொருகி ஸ்விட்ச் போட்டோம். 'டப்'! அவன் கழற்றி எறியாத குறைதான். பாட்டு கேட்டது, ஆனால் மனசு கேட்கவில்லை. ஹெட்போனை எடுத்துவிட்டு அவுட்புட்டில் மல்டிமீட்டரை வைத்தோம். சிக்னலே இல்லாதபோதும் மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் டி.சி.!

இது எங்கிருந்து வந்தது? 5532-ன் இன்புட்டில் இருப்பது என்.பி.என். டிரான்சிஸ்டர். அது வேலை செய்ய பேஸ் கரண்ட் வேண்டும். சாதாரணமாக 200 நானோ ஆம்பியர். அது 100 கிலோ ஓம் வழியாக உள்ளே போகும்போது 20 மில்லிவோல்ட் மைனஸ் பக்கம் இறங்குகிறது. கெயின் 11-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 220 மில்லிவோல்ட். கணக்கும் மீட்டரும் ஒத்துப்போச்சு! எஃப்.இ.டி. இன்புட்டில் இந்தக் கரண்ட் பிகோ ஆம்பியர் அளவுதான். அதனால்தான் மூல சர்க்யூட்டில் 100 கிலோ ஓம் தொந்தரவு தரவில்லை. அந்த 220 மில்லிவோல்ட் 32 ஓமில் சுமார் 7 மில்லி ஆம்பியரை ஓயாமல் ஓட்டும். டயஃப்ரம் ஒரு பக்கமே தள்ளி நிற்கும், பாட்டரியும் வீண்.

திருத்தம் இதுதான். 100 கிலோ ஓமை 10 கிலோ ஓம் ஆக்கினோம். அப்படியே விட்டால் பேஸ் அடிபடும். ஆகவே கெப்பாசிட்டரை 1 மைக்ரோ ஃபாரட் ஆக்கினோம். கட்-ஆஃப் பழையபடி சுமார் 16 ஹெர்ட்ஸ். அடுத்தது கெயின். 32 ஓமில் 1 மில்லிவாட்டுக்கு 0.18 வோல்ட் போதும். 11 மடங்கு எதற்கு? 1 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம் போட்டதும் கெயின் சுமார் 3. டி.சி. 6 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டது.

நீங்கள் செய்தால் இந்த வரிசையை விடாதீர்கள்:

1. ஐ.சி.யைச் சொருகாமல், சாக்கெட்டின் 8-ஆம் பின்னில் பிளஸ் 9, 4-ஆம் பின்னில் மைனஸ் 9 வருகிறதா பாருங்கள். இரண்டு பின்னிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் அவசியம்.

2. ஹெட்போனுக்குப் பதில் 33 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு. 1, 7 பின்களில் டி.சி. 20 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

3. 1 கிலோ ஹெர்ட்ஸ், 0.2 வோல்ட் சைன் வேவ் கொடுத்தால் சுமார் 0.6 வோல்ட் வரணும். சி.ஆர்.ஓ.வில் அலை வெட்டுப்படாமல், நடுங்காமல் நிற்கணும். இரண்டு சேனலும் ஒரே அளவா என்றும் பாருங்கள்.

4. இரண்டு பாட்டரியையும் ஒரே சமயத்தில் துண்டிக்கும் இரட்டைத் துருவ ஸ்விட்ச்தான் போட வேண்டும். ஒன்று மட்டும் நின்றால் அவுட்புட்டில் பல வோல்ட் டி.சி. ஏறலாம்.

இவ்வளவும் சரியான பிறகுதான் ஹெட்போன், அதுவும் வால்யூமைக் குறைத்து வைத்து.

நண்பர்களே, ரெசிஸ்டர் ஐந்து ரூபாய்க்குள் கிடைக்கும். காது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஐ.சி.யை மாற்றினால் டேட்டா ஷீட்டையும் புரட்டுங்கள். எங்கள் தோழன் இப்போது அதே ஆம்ப்ளிஃபையரில்தான் பாட்டுக் கேட்கிறான். ஆனால் பாட்டரி மாற்றும்போதெல்லாம், "மீட்டர் எங்கடா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாட்டுகிறான்!