படுக்கையறையில் பவளம் வளர்க்கலாமா?

ஒன்பதாம் வகுப்பில் குழியுடலிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஹைட்ரா, ஜெல்லிமீன், கடல் சாமந்தி, பவளம் என்று கரும்பலகையில் எழுதியதும், எப்போதும் அமைதியாக இருக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், எங்க மாமா கோயம்புத்தூர்ல இருந்து உயிரோட இருக்கிற பவளம் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு. தம்பி ரூம்ல தொட்டி வைக்கப் போறோம். வைக்கலாமா?"

"அழகாக இருக்குமே" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் எனக்கு விடை தெரியாது. "ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று நேரம் வாங்கிக்கொண்டேன். அதற்குள் நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். நாளை உங்கள் வகுப்பிலும் ஒரு குழந்தை இதைக் கேட்கலாம்.

நஞ்சு எங்கே இருக்கிறது?

எல்லாப் பவளமும் நஞ்சு அல்ல. கவனிக்க வேண்டியவை 'சொவாந்திடு' என்னும் வகை உயிரிகள். சட்டைப் பொத்தான் போன்ற வட்டத் தலையும் சுற்றிலும் சிறு இழைகளுமாகப் பல நிறங்களில் கூட்டமாக வளரும். கல் பவளம் போலக் கூடு கட்டாதவை. ஆனாலும் மீன்தொட்டிக் கடைகளில் பவளம் என்ற பெயரிலேயே கிடைக்கின்றன. இவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் 'பாலித்தோவா' இனத்தில், பாலிடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1971இல் இதைப் பிரித்தெடுத்தார்கள்.

செல் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப் பற்றி மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் நடத்துவார்கள். பாலிடாக்சின் அந்தப் பம்பையே திறந்துகிடக்கும் வாசலாக மாற்றிவிடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே இருக்க வேண்டிய சோடியம் உள்ளே புகுகிறது. தசை, இதயம், நரம்பு எல்லாம் பாதிக்கப்படலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளுக்கு ஏற்பத்தான் சிகிச்சை தருகிறார்கள்.

தொட்டியில் அமைதியாக இருக்கும்வரை, தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஆபத்து குறைவு. கையில் காயத்தோடு தொடும்போதும், பாறையைச் சுரண்டும்போதும், தேய்க்கும்போதும், வெந்நீர் ஊற்றும்போதும்தான் ஆபத்து பெருகுகிறது. வெந்நீர் பட்டால் நஞ்சு அழிந்துவிடும் என்று நாம் நினைப்போம். அது அழிவதில்லை, ஆவியோடும் நுண்துளிகளோடும் கலந்து மூச்சுக்குள் போகிறது.

நம் ஊருக்கு ஏன் கூடுதல் கவனம்?

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் வீடுகளிலும் மீன்தொட்டிக் கடைகளிலும் பலர் இப்படிப் பாதிக்கப்பட்டதை, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016இல் பதிவு செய்தது. பவளத்தைக் கையால் தொடாமல் அதே வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் வந்தது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷைரில் ஒருவர் தொட்டியைச் சுத்தம் செய்யப் பவளத்தை வெளியே எடுத்தார். அவர் குடும்பத்தினரோடு, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

ஆங்கரேஜ் குளிர் ஊர். நடுவட்டமும் குளிர் ஊர்தான். தை மாத இரவில் ஜன்னலையெல்லாம் இறுக அடைத்துக்கொண்டு தூங்குகிறோம். பாத்திரம் கழுவ, துணி அலச, தரை துடைக்க எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான். காற்றோட்டமில்லாத சிறு அறை, தூங்கும் குழந்தை, பாறையில் வெந்நீர் ஊற்றும் அம்மா. இந்த மூன்றும் சேர வாய்ப்புள்ள ஊர் நம்முடையது. போதாததற்குப் பவளத் தொட்டி நீர் சுமார் 25 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். அதாவது உப்புநீருக்குள் ஹீட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். குழந்தையின் கை எட்டும் இடத்தில் உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்திருப்பது தனி ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

கல் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மத்திய அரசு சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இது. எடுப்பதும் விற்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்ததில், விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. ராமேஸ்வரம் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது, காய்ந்த பவளத் துண்டையும் வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"இது கல் பவளம் இல்லை" என்று கடைக்காரர் சொன்னாலும் நாம் நிம்மதி அடைய முடியாது. நஞ்சுள்ள சொவாந்திடுகளும் கல் பவளம் அல்லவே!

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

மாணவர் யாராவது "எங்க வீட்டில் இருக்கு" என்றால் அதட்ட வேண்டாம். அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். பெற்றோரிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

• தொட்டி குழந்தை தூங்கும் அறையில் இருக்கக் கூடாது.
• வெறும் கையால் தொடக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்த பெரியவர் மட்டுமே கையாள வேண்டும்.
• வெந்நீர் ஊற்றுதல், உலரவிட்டுச் சுரண்டுதல், பிரஷ்ஷால் தேய்த்தல் கூடவே கூடாது.
• தொட்டியைக் கையாண்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வாயில் கசப்பு, தசைவலி, கண் எரிச்சல் வந்தால், எல்லோரும் வெளியே வந்து 108ஐ அழைக்க வேண்டும். வீட்டில் பவளத் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் குளிர்காய்ச்சல் என்று நினைக்க வாய்ப்புண்டு.

மூன்றாம் நாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். மாணவி முகம் வாடியது. "அப்போ எதுவுமே வளர்க்கக் கூடாதா டீச்சர்?" என்றாள். குளிரைத் தாங்கும் தங்கமீன்களைக் கூடத்தில் வைத்து வளர்க்கலாம், ஹீட்டரும் உப்பும் தேவையில்லை என்றேன். மறுவாரம் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். "நல்லவேளை டீச்சர். கல்லு அழுக்கானா வெந்நீர் ஊத்திக் கழுவிடலாம்னுதான் நெனச்சிருந்தேன்" என்றார்.

பாடநூலில் பவளத்துக்கு வெகு சில வரிகளே உள்ளன. அடுத்த முறை அவற்றை நடத்தும்போது, "உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ கடல்நீர்த் தொட்டி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.